உள்பக்கம் திரும்பிய ஜன்னல்

மழை வந்தால் என் மனைவி பையை எடுப்பாள். நான்கு வருடமாக எங்கள் வீட்டில் ஐப்பசி என்றால் அதுதான். இரண்டு சேலை, ஒரு போர்வை, மூச்சு முட்டும்போது வாயில் வைத்து இழுக்கிற நீலக் குழல். பையோடு பொன்னேரியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். மார்கழி பாதியில் திரும்பி வருவாள். எங்களுக்குள் ஏதோ சண்டை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். சண்டையெல்லாம் இல்லை. எங்கள் படுக்கையறையில் அவளால் மூச்சு விட முடியவில்லை, அவ்வளவுதான்.

காரணம் ஜன்னல். சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பொதுவாகவே எனக்குப் பேச வராது. பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிப்போனாலும் கத்தி நிறுத்தத் தெரியாமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். பத்தாவது வரை படித்துவிட்டு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையில் பைப் பிட்டராகச் சேர்ந்தேன். இன்றைக்கும் அதே வேலைதான். பைப்போடு பேச வேண்டியதில்லை.

ஆலையிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடத் தூரத்தில் மூன்று மாடி, பன்னிரண்டு வீடு கொண்ட ஒரு கட்டடம் எழும்பியது. அதில் இரண்டாவது மாடியில் ஒரு வீட்டை வாங்கினோம். கட்டியது சென்னைக் கம்பெனி. அங்கே சூப்பர்வைசராக இருந்தவன் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அக்காவின் மகன். முப்பது வயதிருக்கும். அவன் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் வாங்கினோம். "வேற யார் ஊட்டுக்கு எப்படியோ, சித்தப்பா ஊட்டுக்கு நான் நின்னு பார்த்து செய்வேன்" என்று அவன் சொன்னது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

தை மாதத்தில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். விளக்கு அணைந்துவிடக் கூடாதென்று எல்லா ஜன்னல்களையும் மூடியே வைத்திருந்தோம். புது ஜன்னல், வெள்ளை பிளாஸ்டிக் பிரேம், இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிற கண்ணாடி. பிரேமில் ஒட்டியிருந்த நீல நிறத் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. பால் பொங்கிய நேரத்தில் அவன் ஒரு காகிதத்தோடு வந்தான். "சித்தப்பா, நல்ல நேரத்துலயே இதுல ஒரு கையெழுத்து போட்டுடு." தாம்பாளத்தில் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு அதன்மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். வீட்டை முழுவதும் பார்த்து, எல்லாம் சரியாக இருப்பதாக ஒப்புக்கொண்டு சாவி வாங்கினேன் என்று அதில் எழுதியிருந்தது. அன்றைக்கு நான் அதைப் படிக்கவில்லை. பால் பொங்கும்போது உட்கார்ந்து காகிதம் படித்தால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?

அந்த வருடம் முதல் பெருமழையில் படுக்கையறைத் தரையில் தண்ணீர் நின்றது. கண்ணாடி சாத்தித்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன். பிரேமின் கீழ்ச்சட்டத்தில், அறையைப் பார்த்த பக்கம், விரல் நீளத்தில் இரண்டு பிளவுகள். அவற்றின் வழியாகத் தண்ணீர் நிதானமாக வந்துகொண்டிருந்தது. கறுப்புத் தண்ணீர். எங்கள் பக்கத்து இரும்பாலைகளின் கரி எல்லா ஜன்னலிலும் படியும், மழை அதைக் கழுவிக்கொண்டு வரும். சுவரில் மை கொட்டியதுபோல் கோடுகள்.

அவனுக்குப் போன் செய்தேன்.

"மழை நிக்கட்டும் சித்தப்பா. ஈரத்துல எந்த வேலையும் செய்ய முடியாது."

மழை நின்றது. மறுபடி செய்தேன்.

"இப்போ ஒழுகுதா?"

"இல்ல. மழைதான் இல்லியே."

"அப்புறம் இன்னாத்த பாக்கறது? ஒழுகுறப்போ சொல்லு, ஓடி வர்றேன்."

எத்தனை வருடம் இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் நான் நின்றேன் என்று நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஒழுகினால் ஈரம், காய்ந்தால் ஒழுகலில்லை. நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. "சரிப்பா" என்று வைத்துவிடுவேன். கம்பெனிக்கு எழுதலாமே என்று ஆலையில் ஒருவர் சொன்னார். சொந்தக்காரப் பையன் வேலை செய்யும் இடத்துக்குப் புகார் எழுதுவதாவது! எங்கள் பக்கம் அது போலீசில் பிடித்துக் கொடுக்கிற மாதிரி. கல்யாணம், காதுகுத்து என்று நாளைக்கு முகம் பார்க்க வேண்டாமா? அதனால் எல்லாமே வாய்ச்சொல்லாகப் போனது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நான் ஒரு காரியம் செய்தேன்.

ஆலையில் எங்களுக்கு ஒரே பாடம்தான். எங்கே கசிகிறதோ அங்கே அடை. முதலில் அடை, அப்புறம் யோசி. இருபத்தைந்து வருடம் அதைச் செய்த கை சும்மா இருக்குமா? இரண்டாவது வருட மழைக்கு முன்னால் போர்மேனிடம் கேட்டு, விரிசல் அடைக்கிற சிலிக்கான் பசைக் குழாய் ஒன்று பாதி மிச்சமிருந்ததை வாங்கி வந்தேன். நான்கு ஜன்னலிலும் உள்பக்கம் இருந்த அந்தப் பிளவுகளை அடைத்தேன். விரலை சோப்புத் தண்ணீரில் நனைத்து வழித்து விட்டேன். அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. அடுத்த மழைக்குத் தரையில் ஒரு சொட்டு இல்லை. "பாத்தியா?" என்று மனைவியிடம் கேட்டேன். என் வாழ்நாளில் நான் அப்படிப் பெருமையாகக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பத்து நாளில் ஜன்னலுக்குக் கீழே சுவர் உப்பியது. பூச்சு அப்பளம்போல் எழும்பி உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் முதலில் சாம்பல் நிறத்தில், பிறகு கரும்பச்சையில் பூஞ்சை. கட்டில் அந்தச் சுவரோடுதான் இருந்தது. அவளுக்கு மூச்சுத் திணறல் அதற்கு முன்னால் வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை. டாக்டர் ஒரே கேள்வி கேட்டார், "ஊட்ல ஈரம் இருக்கா?" இருக்கிறது என்றோம். "அது இருக்கிற வரைக்கும் நான் எழுதுற மருந்து பாதி வேலைதான் செய்யும்" என்றார். ஜன்னலைத் திறந்து காற்றாட விடலாம் என்றால் வெளியே கரியும் ஆலை நெடியும். அடைத்தாலும் திறந்தாலும் அவளுக்குத்தான் கேடு. பை அப்போதுதான் கட்டிலடிக்கு வந்தது.

நான்காவது வருட மழையில் அவள் கிளம்பும்போது சொன்னாள், "அடுத்த வருஷமும் இப்படித்தான்னா நான் அங்கயே இருந்துடறேன். எங்க அண்ணி மூஞ்சியப் பாத்துக்கினு போறதும் வர்றதும் எனக்கு வெக்கமா கீது."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வழக்கம்போல் பேசாமல் இருந்திருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அப்படியும் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். அடுத்த ஐப்பசியில், மழை தொடங்கி அவள் போன மறுநாள், ஆலைக்கு லீவு போட்டேன். இரண்டு பஸ் மாறி திருவள்ளூர் போனேன். கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் சின்ன அறையில் ஒரு வக்கீலம்மா இருந்தார். வெளிப் பலகையில் நுகர்வோர் வழக்கு என்று எழுதியிருந்ததால் உள்ளே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்:

"எழுத்துல எப்போ குடுத்தீங்க?"

"குடுக்கலம்மா. போன்ல சொன்னேன்."

"எத்தினி தடவ?"

"அம்பது, அறுவது இருக்கும்."

"அறுபது தடவ சொன்னதுக்கு ஒரு சாட்சி?"

 தாம்பாளத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துக் கொடுத்து, "எல்லாம் சரியா இருக்குன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன். அதனால் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்றே ஐந்து வருடமும் நம்பியிருந்தேன்.

அவர் அதைப் படித்துவிட்டுத் தேதியை மட்டும் பென்சிலால் வட்டமிட்டார். "இது கெடக்கட்டும். கட்டுன வேலையில குறை இருந்தா, ஒப்படைச்ச நாள்லேருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள தெரியப்படுத்தணும். தெரியப்படுத்துனா முப்பது நாள்ல அவங்க செலவுல சரி பண்ணித் தரணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது. உங்களுக்கு தை வந்தா அஞ்சு முடியுது. இன்னும் மூணு மாசம்தான் இருக்கு. இத்தினி நாள் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

என்ன பண்ணிக்கொண்டிருந்தேன்? "சரிப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடிதத்தை என்னையே எழுதச் சொன்னார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். வாயில் வராதது கையில் வந்தது, எனக்கே ஆச்சரியம். இரண்டு பக்கம். அவர் படித்துவிட்டு முதல் வரியை அடித்தார்.

"'தொந்தரவுக்கு மன்னிக்கவும்'னு ஆரம்பிச்சிருக்கீங்க. யாருக்கு யாரு தொந்தரவு?"

கடைசி வரியிலும் ஒரு மன்னிப்பு இருந்தது. அதையும் அடித்தார். கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

எட்டாம் நாள் சூப்பர்வைசர் வந்தான். செருப்பைக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றான்.

"இன்னா சித்தப்பா, ஒரு வார்த்த என்னாண்ட சொல்லக் கூடாதா? ஆபீஸ்ல என்னை நிக்க வெச்சி கேக்கறாங்க."

"சொன்னேனேப்பா."

"எப்போ சொன்ன?"

"அஞ்சு வருஷமா."

"அது சொந்தத்துல பேசிக்கிறது. இது பேஜாரு பண்றது. சித்தி சொல்லிக் குடுத்துச்சா?"

அவன் பின்னால் கம்பெனி என்ஜினியர் ஏறி வந்தார். படுக்கையறை ஜன்னல் முன்னால் உட்கார்ந்து விளக்கடித்துப் பார்த்தார். என் சிலிக்கானை நகத்தால் தட்டினார்.

"இது யாரு வேலை?"

"நான்தான் சார்."

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. தண்ணி வடியற வழிய அடைச்சிருக்கீங்க. அது சுவத்துலதான் எறங்கும். நீங்க கை வெச்சதுக்கு கம்பெனி பொறுப்பு எடுக்க முடியாதுங்க." நான்கு ஜன்னலையும் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே இறங்கிய சூப்பர்வைசர் படியிலிருந்து திரும்பி, "பாத்தியா சித்தப்பா?" என்றான். நான் மனைவியிடம் கேட்ட அதே கேள்வி.

அவர்கள் போனபின் ஜன்னல் முன்னால் நான் உட்கார்ந்தேன். தண்ணீர் வடியும் வழி என்றார் அல்லவா? அப்படியானால் வடிகிற வாய் ஏன் என் அறைக்குள் இருந்தது? பைப் வேலை செய்கிறவனுக்கு இது ஐந்து வருடம் கழித்தா தோன்ற வேண்டும்? கையை வெளியே விட்டுப் பிரேமின் வெளிப்பக்கத்தைத் தடவினேன். மொழுமொழுவென்று இருந்தது. அங்கே இருக்க வேண்டிய துளையே இல்லை. ஜன்னல் முழுவதையும் உள்பக்கம் வெளியே, வெளிப்பக்கம் உள்ளே என்று மாட்டியிருக்கிறார்கள். நான் அந்தத் தவற்றை அழகாக மூடிக் கொடுத்திருக்கிறேன்.

வக்கீலம்மாவிடம் போனில் சொன்னேன். "இப்போ பிரிச்சிக் காட்டுனாலும் நீங்களே பண்ணதுன்னுதான் சொல்லுவாங்க. அதே கட்டடத்துல, யாரும் கை வைக்காத ஜன்னல் ஒண்ணு காட்டுங்க" என்றார்.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே முதல் மாடியில் ஓர் அம்மா இருந்தார். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம், கணவருக்குக் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஜவுளிக் கடை. ஐந்து வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதில்லை என்பதோடு, இரண்டு மூன்று வருடமாக அவர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது ஏன் என்று கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. ஒரு நாள் மாலை கதவு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். மறுநாளும் போனேன். கையைத் தூக்கி மணியில் வைத்து, அழுத்தாமல் இறக்கினேன். கதவு தானாகத் திறந்தது.

"நேத்தும் வந்து நின்னுட்டுப் போனீங்க. கதவுல கீற கண்ணாடி ஓட்டையில பாத்துக்கினுதான் இருந்தேன். இன்னா தம்பி?"

"அக்கா, உங்க ஜன்னல..."

"என் ஜன்னல் அப்புறம். மொதல்ல வந்து இதப் பாருங்க." கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப் போனார். அவர் படுக்கையறை ஜன்னலுக்கு மேலே, கூரை ஓரத்தில், பாய் அளவுக்கு ஒரு கறை. "மூணு வருஷமா உங்க ஊட்டுத் தண்ணி எங்க தலையில எறங்குது. இவரு, 'அந்த ஆளு சாதுவா தெரியறான், சண்டை போடாத'ன்னாரு. நீங்க என்னிக்கு வந்து கேப்பீங்கன்னு பாத்துக்கினு இருக்கேன்."

அடைத்த தண்ணீர் பிரேமின் ஸ்க்ரூ ஓட்டைகள் வழியாகச் சுவரில் இறங்கி அங்கே போயிருக்கிறது. என் நேர்த்தியான வேலை இரண்டு வீட்டைக் கெடுத்திருக்கிறது. எனக்குத் தெரியாதக்கா, நான்தான் அடைத்தேன் என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லி முடித்ததும் அவர் கறையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அடைக்கத் தெரிஞ்சவங்களுக்கு கேக்கத் தெரியல" என்றார்.

அவர் ஜன்னல்களை யாரும் தொட்டதில்லை. அதே பிளவுகள், அதே உள்பக்கம், திறந்தபடி. அவற்றுக்குக் கீழே, கணவர் கடையிலிருந்து வந்த பழைய லுங்கித் துணிகளை மடித்து வரிசையாக வைத்திருந்தார். எப்போதிலிருந்து ஒழுகுகிறது என்று கேட்டேன். போனை எடுத்தார். அவர் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். ஊரில் மழை பெய்தால் ஜன்னல் வழியாக மழையை வீடியோப் படம் பிடித்துத் தனக்கு அனுப்பச் சொல்வானாம். ஐந்து வருட மழையும் அந்தப் போனில் இருந்தது. ஒவ்வொன்றிலும் வெளியே மழை, உள்ளே பிளவிலிருந்து வழியும் கறுப்புத் தண்ணீர், பின்னால் அவர் குரல்: "பாருடா, இன்னிக்கும் ஆரம்பிச்சிடுச்சு." கூடவே தேதி. முதல் படம், சாவி வாங்கிய அதே வருடத்து ஐப்பசி.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இரண்டாவது கடிதம் எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டார். கார்த்திகைக் கடைசியில் என்ஜினியர் மறுபடி வந்தார். இந்தத் தடவை கீழ் வீட்டுக்கு.

அந்த அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, கண்ணாடி ஓடுகிற தடத்தில் ஊற்றினார். தண்ணீர் ஒரு கணம் நின்று, பிளவு வழியாக அறைக்குள் கொட்டியது. என்ஜினியரின் ஷூ நனைந்தது.

"இது யாரு கை வெச்சதுங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

என்ஜினியர் சூப்பர்வைசரைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துச் சொன்னான், "ஜன்னல் வர்றதுக்கு முன்னாடியே வெளிய கட்டியிருந்த சாரத்தப் பிரிச்சிட்டாங்க சார். வெளிய நின்னு மாட்ட முடியாது. உள்ளாற இருந்தே மாட்னாங்க. எந்தப் பக்கம்னு யாரும் பாக்கல."

"நீ பாத்தியா?"

"பால் காய்ச்சற தேதி குறிச்சிட்டாங்க சார். முடிக்கணும்னு..." சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தான். அந்தத் தேதியைக் குறித்தவன் நான். அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் எனக்கே திரும்பியது. மீதிப் பாதி இன்னும் அவன்மேல்தான் இருக்கிறது.

பிறகு என் வீட்டுக்கு ஏறி வந்தோம். எல்லோர் முன்னாலும் கத்தியால் என் சிலிக்கானைக் கீறி எடுத்தேன். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் நாற்றத்தோடு கொட்டியது.  என்ஜினியர் அன்று படம் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

சரி செய்து தருகிறோம் என்று கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. முப்பது நாள் என்பது முப்பது நாளாக இருக்கவில்லை. ஆள் இல்லை என்றார்கள், தொங்கு சாரம் வேறு கட்டடத்தில் இருக்கிறது என்றார்கள், என்ஜினியர் லீவு என்றார்கள். நான் போன் செய்வதை நிறுத்தி, வாரம் ஒரு கடிதம் எழுதினேன். தை பிறந்து ஐந்து வருடமும் முடிந்தது. "காலத்துக்குள்ள எழுதிட்டீங்க, பயப்படாதீங்க" என்றார் வக்கீலம்மா. பயமில்லாமல் எப்படி இருக்கும்? பொங்கலுக்கு அவள் பொன்னேரியிலிருந்து வரவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மூன்று பேர் வந்து, என் படுக்கையறை ஜன்னலையும் கீழ் வீட்டுப் படுக்கையறை ஜன்னலையும் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு ஓரமெல்லாம் பூசினார்கள். "மத்த ஜன்னலுக்கு அப்புறம் வர்றோம்." எப்போது என்று கேட்டேன். கேட்டுவிட்டேனே என்று எனக்கே திடுக்கென்றது. "சொல்லி அனுப்புறோம்" என்று போய்விட்டார்கள்.

மறுநாள் அவள் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமல் படுக்கையறை வாசலில் நின்றாள். மழைக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ரப்பர் குழாயை மொட்டை மாடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரை ஜன்னல்மேல் திருப்பிவிட்டேன். கால்மணி நேரம் பீய்ச்சினேன்.

கீழேயிருந்து அந்த அம்மாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "தம்பி! வெளியதான் கொட்டுது! போதும் நிறுத்துங்க, என் துணியெல்லாம் நனையுது!"

இறங்கி வந்தேன். அவள் ஜன்னலடியில் குந்தி, சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"தரை காஞ்சிதான் கீது" என்றாள். "ஆனா சுவரு உள்ள இன்னும் ஈரம். இது காயறதுக்கு சித்திரை ஆவும். அது வரைக்கும் கூடத்துல படுக்கறேன்."

"கூடத்து ஜன்னல் இன்னும் திருப்பலியே."

"மழைக்கு இன்னும் நாளு கீது இல்ல?" பையைத் திறந்து நீலக் குழலை மட்டும் எடுத்து, கூடத்து அலமாரியில் வைத்தாள். பையை இந்த முறை கட்டிலடியில் தள்ளவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பரண்மேல் போட்டாள். இறங்கி, கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னாள், "லெட்டர் எழுதுங்க. அப்பால சாப்பிடலாம்."

நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'ஐயா' என்று எழுதினேன். அடுத்த வரியை நேராகக் கூடத்து ஜன்னலிலிருந்தே தொடங்கிவிட்டேன்.